லண்டன் நேஷனல் கேலரி: ஓவியங்கள் பழுப்பானது எப்படி?

மே 12, இரவு 9.40 – வாசகர் கேள்வி

லண்டன் நேஷனல் கேலரி வரலாறு என்று தமிழில் எதைப் படித்தாலும் அதே வரிதான். 1824-ல் தொடங்கியது, 1838-ல் டிரஃபால்கர் சதுக்கத்துக்கு வந்தது, இன்ன ஓவியத்தை இன்ன விலைக்கு வாங்கினார்கள். எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் அந்த ஓவியங்கள் பழுப்பேறி இருந்தன என்கிறார்கள். இன்று அதே ஓவியங்கள் பளிச்சென்று நீலமும் சிவப்புமாக இருக்கின்றன. பழைய மேதைகள் அடங்கிய நிறத்தில்தான் தீட்டினார்கள், பின்னால் வந்தவர்கள் சுரண்டிக் கெடுத்துவிட்டார்கள் என்பது என் கருத்து. தவறென்றால் சொல்லுங்கள்.

மே 12, இரவு 11.15

பெரும்பகுதி தவறு. அந்தப் பழுப்பு மேதைகள் தீட்டியதல்ல, மேலே பூசப்பட்டது. யார் பூசினார்கள், எதைப் பூசினார்கள் என்றுகூடத் தெரியும்.

1824-ல் பிரிட்டிஷ் அரசு ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன் என்ற வணிகரின் 38 ஓவியங்களை 60,000 பவுண்டுக்கு வாங்கியது. தனிக் கட்டடம் இல்லாததால் பால் மால் தெருவில் அவர் வாழ்ந்த 100-ஆம் எண் வீட்டிலேயே அந்த ஆண்டு மே 10 அன்று மக்களுக்குத் திறந்தார்கள். அனுமதி இலவசம். முதல் காப்பாளர் வில்லியம் செகியர். 1843-ல் இறக்கும்வரை அவரே பொறுப்பில் இருந்தார். ஓவிய வணிகமும் பழுதுபார்ப்பும் தெரிந்தவர்.

அவர் பூசியதற்கு ‘கேலரி வார்னிஷ்’ என்றே பெயர் வந்துவிட்டது. நம் நாட்டு மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி என்று கொடுப்பார்களே, கியோஸ் தீவிலிருந்து வரும் அதே பிசின்தான் அடிப்படை. அதை டர்பன்டைனில் கரைத்தால் சாதாரண மஸ்தகி வார்னிஷ். அதுவும் சில பத்தாண்டுகளில் மஞ்சளாகும், ஆனால் கரைப்பானில் எளிதாகக் கழன்று வந்துவிடும். செகியர் அதில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயையும் கலந்தார். கோளாறு அந்த எண்ணெயில்தான். எண்ணெய் கலந்த படலம் முழுதாகக் காய நாளாகும். அதுவரை பிசுபிசுப்பாக இருக்கும். லண்டன் கரிப்புகையெல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகோ, சாதாரணக் கரைப்பானுக்கு அசையாத அளவுக்கு இறுகிவிடும். ஓவியம் மங்கலாகத் தெரிந்தால் அதன்மேலேயே இன்னொரு கை. பத்துப் பதினைந்து ஆண்டில் ஓவியத்துக்கும் பார்ப்பவர் கண்ணுக்கும் நடுவே தேன் நிறத்தில் ஒரு தடித்த படலம் வந்துவிடும்.

மே 13, காலை 7.05

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 60,000 பவுண்டு என்பது நாடாளுமன்றம் ஒதுக்கிய மொத்தத் தொகை. ஓவியங்களுக்குக் கொடுத்தது 57,000. மீதி 3,000 பராமரிப்புக்கும் மற்ற செலவுக்கும்.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். பழுப்பை அந்தக் காலத்து ரசனையும் விரும்பியது. தன் தொகுப்பைத் தருகிறேன், ஆனால் அரசு ஆங்கர்ஸ்டைன் ஓவியங்களை வாங்கி நல்ல இடத்தில் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு இந்த கேலரி உருவாகத் தள்ளியவர் சர் ஜார்ஜ் போமாண்ட். நல்ல ஓவியம் பழைய வயலின் நிறத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இயற்கைக் காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் பதில் ஏதும் பேசாமல் ஒரு வயலினை எடுத்துப்போய் வீட்டு முன்னால் பசும்புல்லில் வைத்துக் காட்டினாராம். புல்லின் பச்சையையும் வயலினின் பழுப்பையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தபின் எது இயற்கை நிறம் என்று சொல்லவா வேண்டும்!

ஆக, வாசகரின் கட்சி 200 ஆண்டுகளுக்கு முன்பே இருந்த கட்சிதான். தொடங்கியவர்களில் ஒருவரே அந்தப் பக்கம் நின்றார்.

மே 13, இரவு 10.20

செகியரைக் குற்றவாளியாக்கிவிட்டேனோ என்று தோன்றுகிறது. அவர் எண்ணெய் சேர்த்ததற்குக் காரணம் இருந்தது. வெறும் மஸ்தகி வார்னிஷ் ஈரக்காற்றில் ‘பூக்கும்’. திராட்சைப் பழத்தின் மேல் இருக்கும் சாம்பல் மாதிரி, இருண்ட பகுதிகளின் மேல் நீலவெள்ளைப் படலம் படியும். பட்டுத்துணியால் துடைத்தால் போகும், அடுத்த ஈரநாளில் திரும்ப வரும். நூற்றுக்கணக்கானோர் மூச்சுவிடும் அறையில் இது ஓயாத தொல்லை. எண்ணெய் கலந்தால் பூப்பது நிற்கும். அவர் பார்த்தது அந்த வாரத்துத் தொல்லையை, வந்து சேர்ந்தது அடுத்த அரை நூற்றாண்டுத் தொல்லை. பராமரிப்பில் இப்படித்தான் பல கேடுகள் நுழைகின்றன. நல்ல எண்ணத்தில், கண்முன் இருந்த ஒரு குறையைத் தீர்க்கப்போய்.

மே 15, மாலை 6.30

கட்டடம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பால் மால் வீடு ஆட்டம் கண்டதால் 1834-ல் அதே தெருவில் 105-ஆம் எண்ணுக்கு மாறியது. வில்லியம் வில்கின்ஸ் வரைந்த இப்போதைய கட்டடம் 1838 ஏப்ரலில் திறந்தது. அப்போது அது ஒற்றை அறை ஆழம்தான், அதிலும் கிழக்குப் பாதி ராயல் அகாதமி என்ற கலைக்கழகத்துக்கு. அகாதமி 1860-களின் இறுதியில் பர்லிங்டன் ஹவுஸுக்குப் போனபிறகே முழுக் கட்டடமும் கேலரிக்குக் கிடைத்தது. 1876-ல் பின்பக்கம் குவிமாடத்தோடு புது அறைகள், 1975-ல் வடக்கு நீட்டிப்பு, 1991-ல் செயின்ஸ்பரி விங்.

காற்று பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் நினைத்தது, மேற்குப் பணக்காரரும் கிழக்கு ஏழையும் நடந்தே வரும் நடுவிடம் என்று. அது சரியாகவே அமைந்தது. ஆனால் பின்புறம் ராணுவக் குடியிருப்பு. பக்கத்திலேயே பொதுக் குளியலறை, சலவைக்கூடத்தின் புகைபோக்கி. சதுக்கத்து நீரூற்றுக்குத் தண்ணீர் ஏற்றும் நீராவி இயந்திரத்தின் புகைபோக்கி வேறு. எல்லாம் கரி. எண்ணெய் வார்னிஷ் பூசிய ஓவியத்துக்கு இதைவிட மோசமான அண்டை வீடு அமையாது.

உள்ளே கூட்டம். மழை வந்தால் ஒதுங்க வருவார்கள், கைக்குழந்தையோடு தாதிமார் வருவார்கள். காப்பாளர் தாமஸ் யூவின்ஸ் 1850-ல் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன சாட்சியம் படிக்கப் படிக்க இனிக்கும். கிராமத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு, கூடையைத் திறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டது. இது இடமல்ல என்று அவர் சொன்னதும் அவர்கள் கோபப்படவே இல்லை, ஓர் அம்மா அவருக்கும் ஒரு கிளாஸ் ஜின் நீட்டினார். வீட்டுக்கு வந்தவரை ‘ஒரு வாய் சாப்பிடுங்க’ என்று சொல்வது போல. தங்கள் சொத்து என்று அவர்கள் நினைத்ததே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

புகையும் மூச்சும் தூசும் ஓவியங்களைக் கெடுக்கின்றனவா என்று சொல்ல மைக்கேல் ஃபாரடேயை அழைத்தார்கள். ஆம், மின்சார ஃபாரடேதான். 1850-களில் இந்தக் கேள்விக்காக அவர் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார். கரிப்புகையில் கந்தகம். ஈய வெள்ளை கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்தால் கறுக்கும். வார்னிஷ் ஓரளவு தடுக்கும், முழுதாக அல்ல. 1850-ல் ஃபாரடேயும் ஓவியர் சார்ல்ஸ் ஈஸ்ட்லேக்கும் சேர்ந்து கொடுத்த அறிக்கை, ஓவியங்களுக்குக் கண்ணாடி போடச் சொன்னது.

கென்சிங்டனுக்கு, நல்ல காற்றுக்கு மாற்றிவிடலாமே என்று பலமாகப் பேச்சு எழுந்தது. 1857-ல் இதற்கென்றே ஓர் ஆணையம் உட்கார்ந்தது. அங்கே நீதிபதி கோல்ரிட்ஜ் கடிதத்தில் எழுதிய வாதம் இன்றும் நிற்கிறது: ஓவியங்கள் பத்திரமாக இருப்பது தொகுப்பின் நோக்கமல்ல, அது வழி மட்டுமே. மக்கள் வந்து பார்த்து மகிழ்வதே நோக்கம். கேலரி நகரவில்லை. ஆகவே ஓவியத்தைக் காற்றிலிருந்து காக்கும் வேலை அந்தப் புகைக்கு நடுவிலேயே நடக்க வேண்டியதாயிற்று.

மே 16, காலை 8.10

சுத்தம் செய்த விவகாரம். செகியருக்குப் பின் காப்பாளரானவர் சார்ல்ஸ் ஈஸ்ட்லேக். ஓவியர், எண்ணெய் ஓவியப் பொருள்களின் வரலாற்றை ஆழ்ந்து படித்தவர். 1846-ல் ரூபென்ஸின் ‘போரும் அமைதியும்’, வெலாஸ்கேஸின் பன்றி வேட்டை உள்ளிட்ட சில ஓவியங்களின் பழுப்பை நீக்கவைத்தார். டைம்ஸ் பத்திரிகையில் ‘வெராக்ஸ்’ என்ற புனைபெயரில் ஜான் மோரிஸ் மூர் கடிதம் மேல் கடிதம் எழுதினார்: ஓவியங்களைத் தோலுரித்துவிட்டார்கள்! 1847-ல் ஈஸ்ட்லேக் பதவி விலகினார். 1852-ல் இன்னொரு தொகுதி, அதில் பிரெஞ்சு ஓவியர் கிளாட் லொரேன் தீட்டிய ‘ஷீபா ராணி’யும் வெரோனேஸேயின் ‘புனித நிக்கலஸ்’ ஓவியமும் அடக்கம். மீண்டும் கூச்சல். 1853-ல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அந்த விசாரணையின் பலன்தான் 1855-ல் வந்த புது அமைப்பு: முழு அதிகாரத்தோடு ஓர் இயக்குநர், ஆண்டுக்கு 10,000 பவுண்டு கொள்முதல் நிதி, ஐரோப்பா முழுக்கச் சுற்றிப் பார்த்துச் சொல்ல ஒரு பயண முகவர். முதல் இயக்குநர்? விலகிப்போன அதே ஈஸ்ட்லேக். ஆக, உலகத்துக்கே முன்மாதிரியான அந்த நிர்வாகம் வார்னிஷ் சண்டையிலிருந்து பிறந்தது. கொள்முதல் பட்டியலாக மட்டும் எழுதப்படும் வரலாற்றில் இது விழுந்துபோகிறது, அதுதான் எனக்கு வருத்தம்.

மே 16, மதியம் 1.45

‘சுரண்டிவிட்டார்கள்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். வார்னிஷைச் சுரண்டுவதில்லை, கரைக்கிறார்கள். வேலை நடக்கும் விதம் இது.

முதலில் புறஊதா விளக்கில் பார்ப்பது. பழைய பிசின் வார்னிஷ் பச்சை கலந்த பால்நிறமாக ஒளிரும், பின்னால் வந்தவர்கள் மேலே தீட்டிய இடங்கள் கறுப்புத் திட்டாகத் தெரியும். அடுத்து ஓரத்தில், சட்டம் மறைக்கும் இடத்தில், சுண்டுவிரல் நகமளவு சோதனை. மெல்லிய குச்சியில் பஞ்சைச் சுற்றி, கரைப்பானில் தொட்டு, அதிகத்தை ஒற்றி எடுத்துவிட்டு, பஞ்சை உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கித்தான் இழையின் மேட்டில் இருக்கும் நிறம் முதலில் போகும், பள்ளத்தில் அழுக்கு தங்கும். ஆல்கஹால் அல்லது அசிட்டோன் கரைக்கும். வேகத்தை அடக்க வொயிட் ஸ்பிரிட் என்ற வீரியம் குறைந்த கரைப்பானைக் கலப்பார்கள். பஞ்சில் மஞ்சள் வந்தால் வார்னிஷ். வேறு நிறம் துளி வந்தாலும் அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

ஆபத்து எங்கே? மேதைகள் சில இடங்களில் பிசின் கலந்த மெல்லிய நிறப்படலத்தை மேலே போர்த்தியிருப்பார்கள். அது வார்னிஷைப் போலவே கரையக் கூடியது. எண்ணெய் கலந்த கேலரி வார்னிஷை எடுக்க வலுவான கரைப்பான் வேண்டும், வலுவான கரைப்பான் அந்தப் படலத்தையும் தொடும். 19-ஆம் நூற்றாண்டில் சில ஓவியங்கள் இப்படி அடிபட்டிருக்கலாம் என்ற கவலை நியாயமானது. வாசகர் பக்கம் இருக்கும் நியாயம் இவ்வளவுதான், ஆனால் இவ்வளவு உண்டு.

மே 16, இரவு 11.50

இன்னொரு சிறு நியாயமும் அவர் பக்கம் சேர்க்க வேண்டும். சில பழுப்புகள் வார்னிஷில் இல்லை, நிறத்திலேயே இருக்கின்றன. செம்பும் பிசினும் சேர்த்த பச்சை, வெளிச்சம் பட்டுப் பழுப்பாகிவிடும். மறுமலர்ச்சிக் கால ஓவியத்தில் மரங்கள் சாக்லெட் நிறத்தில் இருந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எந்தக் கரைப்பானும் அதைப் பச்சையாக்காது.

மே 18, காலை 6.55

கண்ணாடி. 1850 அறிக்கைக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டு பிறக்கும்போது கண்ணாடி இல்லாத ஓவியம் அங்கே அரிது. காப்பு உறுதி. பார்வைதான் போயிற்று. மேற்கூரை வெளிச்சத்தில் இருண்ட ஓவியத்தின் முன் நின்றால் தெரிவது பார்ப்பவர் முகமும் எதிர்ச்சுவரும்தான்.

1914 மார்ச் 10 அன்று பெண்களின் வாக்குரிமைப் போராளி மேரி ரிச்சர்ட்சன் வெலாஸ்கேஸின் ‘ரோக்பி வீனஸ்’ ஓவியத்தைச் சிறு வெட்டுக்கத்தியால் வெட்டினார். அதற்கு முந்தின நாள் போராட்டத் தலைவி எம்மலின் பாங்கர்ஸ்ட் கைதானதை எதிர்த்து. முதல் வெட்டில் உடைந்தது கண்ணாடி. சத்தம் கேட்டதும் காவலர் ஒருவர் மேற்கூரைக் கண்ணாடிதான் உடைந்தது என்று அண்ணாந்து பார்த்தார். அந்த நேரத்துக்குள் கித்தானில் பல வெட்டுகள் விழுந்துவிட்டன. தூசிக்குப் போட்ட கண்ணாடி கத்திக்குத் தாங்காது. வெட்டுகள் நேர்க்கோட்டில் இருந்ததால் நன்றாகவே சேர்க்க முடிந்தது. கிழிசலைவிட வெட்டு பழுதுபார்க்க எளிது, இழைகள் நீண்டு உருக்குலையாமல் முனைக்கு முனை சேரும்.

மே 20, இரவு 9.30

இப்போது முக்கியமான பகுதி. ஈஸ்ட்லேக் இயக்குநராக இருந்து வாங்கியவற்றில் தொடக்கக்கால மறுமலர்ச்சிப் படைப்புகள் நிறைய. உச்செல்லோவின் ‘சான் ரொமானோ போர்’ 1857-ல். பியெரோ டெல்லா ஃபிரான்செஸ்காவின் ‘ஞானஸ்நானம்’ 1861-ல், வெறும் 241 பவுண்டுக்கு. இரண்டும் பாப்லர் மரப் பலகையில் முட்டைக்கரு கலந்து தீட்டியவை. எவ்வளவு நல்ல கொள்முதலோ அவ்வளவு கவலையும் கூடவே வந்தது. கித்தான் ஓவியத்துக்குப் புகை எதிரி என்றால், பலகை ஓவியத்துக்கு ஈரப்பதம் எதிரி.

காரணம் எளிது. மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், உலர்ந்தால் சுருங்கும், அதுவும் ரேகைக்குக் குறுக்காக. ஒரு மீட்டர் அகலப் பலகை சில மில்லிமீட்டர் குறுகும். அதன்மேல் இருக்கும் பசை கலந்த வெள்ளைச் சுண்ணப் பூச்சும் நிறமும் அதே அளவு சுருங்காது. இடம் போதாமல் கூடாரம் போல மேலே எழும்பும். ‘உப்பல்’. அதை ஒருவர் துடைத்தால், அல்லது அதுவாகவே முறிந்தால், பொருக்காக உதிரும். போன இடத்தில் வெறும் மரம்.

லண்டன் குளிர்காலத்தில் வெளியே 0 டிகிரி செல்சியஸில் நிறைந்த ஈரக்காற்று. அதை உள்ளே கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 26 சதவீதம்தான். தண்ணீர் குறையவில்லை, சூடான காற்றின் கொள்ளளவு கூடிவிடுகிறது. கோடையில் அதே அறையில் 60, 65. வீட்டைச் சூடாக்கும் வசதி பெருகப் பெருகப் பலகைகளுக்கு வந்த சோதனை இது.

1939 ஆகஸ்ட் இறுதியில் போர் வரும் என்று தெரிந்ததும் பத்தே நாளில் ஓவியங்களை ரயிலில் வேல்ஸுக்கு அனுப்பினார்கள். போர் அறிவிப்புக்கு முந்தின நாள், செப்டம்பர் 2 அன்று வேலை முடிந்தது. பாங்கர் பல்கலைக்கழக அரங்கு, பென்ரின் கோட்டை, அபெரிஸ்ட்வித் நூலகம் என்று பிரித்து வைத்தார்கள். பிரான்ஸ் வீழ்ந்ததும் அங்கும் குண்டு விழலாம் என்ற பயம். கனடாவுக்கு அனுப்பலாமா என்று இயக்குநர் கென்னத் கிளார்க் கேட்டபோது சர்ச்சில் சம்மதிக்கவில்லை. குகையிலோ நிலவறையிலோ ஒளித்து வையுங்கள், ஓர் ஓவியமும் தீவைவிட்டுப் போகக் கூடாது என்றார்.

கிடைத்த இடம் ப்ளைனாய் ஃபெஸ்டினியோக் அருகே மனாட் மலைக்குள் ஒரு ஸ்லேட் கல் சுரங்கம். வாயிலை வெடிவைத்து அகலமாக்கினார்கள். உள்ளே குகைகளுக்குள் செங்கல்லில் தனித்தனி வீடுகள் கட்டினார்கள், ஒவ்வொன்றுக்கும் சூடேற்றும் வசதி. ஓவியங்களை நகர்த்த உள்ளுக்குள்ளேயே சிறு ரயில்பாதை. வான் டைக் தீட்டிய குதிரைமேல் முதலாம் சார்ல்ஸ் ஓவியம் 367 சென்டிமீட்டர் உயரம், 292 அகலம். அதைச் சாய்த்து வைக்கத் தனிப்பெட்டி செய்தார்கள், அதற்கு ‘யானைப் பெட்டி’ என்று பெயர். அப்படியும் வழியில் ஒரு ரயில் பாலத்துக்கடியில் போகவில்லை. பாலத்தை உயர்த்த முடியாது என்று சாலையைத் தோண்டித் தாழ்த்தினார்கள்.

1941 கோடையில் எல்லாம் உள்ளே போனது. மலைக்குள் வெப்பநிலை ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஒன்றே. ஈரம் அதிகம், ஆனால் மாறாது. வேண்டியது ஒன்றே ஒன்று, அந்தக் காற்றைச் சூடாக்குவது. 8 டிகிரியில் நிறைந்த ஈரக்காற்றை 17 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் தானாகவே 55 சதவீதத்துக்கு வந்து நிற்கும். மரத்துக்கு உகந்த இடம் அது. இயந்திரம் எதுவும் ஈரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அறிவியல் ஆலோசகர் இயன் ராலின்ஸ் அளவுகளைக் குறித்துக்கொண்டே வந்தார். ரயில் விஷயத்திலும் விவரமானவர் அவர், இடமாற்றத் திட்டத்திலும் அவர் கை இருந்தது.

நடந்தது என்ன? லண்டனில் வருடம் தவறாமல் உப்பி உதிர்ந்துகொண்டிருந்த பலகைகள் மலைக்குள் அமைதியாகிவிட்டன. உப்பலைப் படியவைக்கும் வேலையே ஏறக்குறைய நின்றுபோனது. 1945-ல் லண்டன் திரும்பின. முதல் குளிர்காலத்திலேயே பழைய நோய் தலைகாட்டியது.

இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் வேண்டுமென்று செய்திருக்க முடியாது. அதே ஓவியங்கள், அதே ஆட்கள், காற்று மட்டும் வேறு.

மே 21, காலை 7.20

வெற்றுக் கேலரியில் நடந்த கச்சேரிகளையும் சொல்லாமல் விட முடியாது. பியானோ கலைஞர் மைரா ஹெஸ் 1939 அக்டோபர் 10 அன்று மதிய உணவு நேரக் கச்சேரியைத் தொடங்கினார். 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள், நுழைவு 1 ஷில்லிங். கட்டடத்தின் மேல் குண்டுகள் விழுந்த காலத்திலும் கீழ்த்தளத்துக்கு இறங்கி வாசித்தார்கள். 1942-லிருந்து மாதம் ஓர் ஓவியம் மட்டும் சுரங்கத்திலிருந்து வந்து தொங்கும், இரவில் பத்திரமாகக் கீழே போகும். முதலில் வந்தவற்றில் டிஷியனின் ‘நோலி மே தாஞ்செரே’ உண்டு. ஒரே ஓர் ஓவியத்தைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள்.

மே 22, இரவு 10.05

“1945-க்குப் பின் மலையை லண்டனுக்குக் கொண்டுவந்தார்களா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அழகான கேள்வி, அதைத்தான் செய்தார்கள். 1950-வாக்கில் முதல் குளிரூட்டிய அறை தயாரானது. குளிர்ச்சிக்காக அல்ல. ஈரப்பதத்தை நிலையாக வைப்பதும் கந்தகத்தையும் கரியையும் வடிகட்டுவதும்தான் அதன் வேலை. அறை அறையாக முழுக் கட்டடத்துக்கும் அது பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. காற்று சுத்தமானதும் கண்ணாடிகளைக் கழற்ற முடிந்தது.

அதே காலத்தில் பழைய சண்டையின் மூன்றாம் சுற்று. போர்க்காலத்தில் சுத்தம் செய்த ஓவியங்கள் 1946-ல் சுவருக்கு வந்ததும் மறுபடி டைம்ஸில் கடிதங்கள். இம்முறை கேலரி ஒளிக்கவில்லை. 1947-ல் சுத்தம் செய்த ஓவியங்களையே ஒரு கண்காட்சியாக வைத்து, செய்தது இது, பாருங்கள் என்று சொல்லிவிட்டது. கூச்சலுக்கு அதுவே சரியான பதில். 1846-ல் இப்படிச் செய்திருந்தால் ஈஸ்ட்லேக் விலகியிருக்க வேண்டாம்.

டிஷியனின் ‘பாக்கஸும் அரியாட்னேயும்’ 1826-ல் வந்தது. நெடுங்காலம் உதிர்ந்து உதிர்ந்து தொல்லை கொடுத்த ஓவியம், அதனாலேயே சுத்தம் செய்யப் பயந்தார்கள். 1960-களின் இறுதியில்தான் துணிந்தார்கள். பச்சை கலந்த மந்தமான வானம் போய் லாப்பிஸ் லாசுலி என்ற நீலக்கல்லை அரைத்துச் செய்த நீலம் வெளிவந்தது. கண்ணைக் குத்துகிறது என்றார்கள் சிலர். ஆனால் 1520-களின் வெனிஸில் அந்த நீலத்துக்குக் கொடுத்த விலையை நினைத்தால், அதைப் பழுப்புக்குள் மறைக்க யாரும் தீட்டியிருக்க மாட்டார்கள்.

மே 24, மாலை 5.15

சென்னையிலிருந்து ஒரு கேள்வி: தாத்தா காலத்து எண்ணெய் வண்ண ஓவியம், கித்தானில். சுவரிலிருந்து எடுத்தபோது பின்னால் பூஞ்சை, முன்னால் பொருக்கு. வார இறுதியில் மட்டும் ஏசி ஓடும் அறை. என்ன செய்யலாம்?

மனாட் சொல்வதுதான் உங்களுக்கும். ஈரம் அதிகமாக இருப்பதைவிட ஏறி இறங்குவது கேடு. இரண்டு நாள் ஏசி, ஐந்து நாள் மூடிய அறை என்பது வாரந்தோறும் ஒரு சுருக்கமும் ஒரு உப்பலும். ஏசி இல்லாத, காற்றோட்டமுள்ள உள்சுவருக்கு மாற்றுங்கள். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் அரை அங்குல கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் ஓவியத்துக்கும் நடுவே காற்று ஓடும். பின்புறத்தை அமிலமில்லாத அட்டையால் மூடுங்கள், பல்லிமுட்டையும் தூசியும் கித்தானுக்கும் சட்டத்துக்கும் நடுவே விழாது.

பொருக்கு எழுந்த இடத்தில் துணியே படக் கூடாது. ஈரத்துணி, வெட்டிய உருளைக்கிழங்கு, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். ஈரம் பூச்சின் பசையை இளக்கும், எண்ணெய் செகியர் செய்ததையே செய்யும். உதிர்ந்த பொருக்கு கிடைத்தால் சிறு உறையில் போட்டு, எந்த இடத்திலிருந்து என்று எழுதி வையுங்கள். ஓவியத்தை முகம் மேலே பார்க்கப் படுக்கவைத்துத்தான் ஓவியம் பழுதுபார்க்கும் வல்லுநரிடம் கொண்டுபோக வேண்டும். அவர் மீன் பசையோ வேறு ஒட்டுபொருளோ மெல்லிய தூரிகையால் விளிம்பில் விட்டு, இளஞ்சூட்டுக் கரண்டியால் மெதுவாகப் படியவைப்பார்.

மே 24, இரவு 9.00

கார்க் ஒட்டுவது பற்றி ஒரு சேர்க்கை. மேல் இரண்டு மூலையில் மட்டும் ஒட்டாதீர்கள். ஓவியம் முன்னால் சாய்ந்துவிடும். நான்கிலும் ஒட்டுங்கள்.

மே 27, காலை 6.40

கண்ணாடியைக் கழற்றியதோடு கதை முடிந்தது போல 22-ஆம் தேதி எழுதிவிட்டேன். முடியவில்லை.

1987 ஜூலையில் லியனார்டோவின் பெரிய கரிக்கட்டிச் சித்திரத்தின் முன் ஒருவர் சில அடி தூரத்தில் நின்று துப்பாக்கியால் சுட்டார். முன்னால் இருந்தது அடுக்குக் கண்ணாடி. ரவை உள்ளே போகவில்லை, ஆனால் அதிர்ச்சியில் கண்ணாடி உள்பக்கம் நொறுங்கி, கன்னி மரியாளின் மார்புப் பகுதியில் காகிதத்தைக் கிழித்தது. துணுக்குகளைப் பொறுக்கி ஒட்டவே மாதக்கணக்கு ஆனது. குண்டைத் தடுத்தால் போதாது, கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் நடுவே இடைவெளியும் வேண்டும் என்பது அன்று தெரிந்தது.

2022 அக்டோபர் 14 அன்று வான் கோவின் ‘சூரியகாந்தி’ மேல் தக்காளி சூப் ஊற்றினார்கள். கண்ணாடி இருந்ததால் சட்டத்துக்கு மட்டும் சிறு சேதம். 2023 நவம்பரில் ‘ரோக்பி வீனஸ்’ கண்ணாடியைச் சுத்தியலால் உடைத்தார்கள். 1914-ல் கித்தானைப் பிளந்த அடி இம்முறை பெரும்பாலும் கண்ணாடியோடு நின்றது, ஓவியத்துக்கு மிகச் சிறு சேதம்தான். 2024 அக்டோபரில் குழந்தைக்கான பால், மருந்து தவிர வேறு திரவம் உள்ளே கொண்டுபோகத் தடை போட்டார்கள். யூவின்ஸ் பார்த்த அந்தக் குடும்பத்தின் ஜின் கூடை அந்தத் தடையில் வாசலிலேயே நின்றிருக்கும்.

இப்போது போடுவது எதிரொளியை அடக்கும் பூச்சுள்ள கண்ணாடி. நேரே நின்றால் இருப்பதே தெரியாது. இருக்கிறதா என்று அறியப் பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். விளக்கின் பிம்பம் பச்சையாகவோ ஊதாவாகவோ ஓடினால் கண்ணாடி உண்டு.

மே 27, இரவு 8.25

எந்த ஓவியத்தின் முன் நின்றால் இதெல்லாம் ஒருசேரத் தெரியும் என்று கேட்டீர்கள். செபாஸ்தியானோ தெல் பியோம்போவின் ‘லாசரஸ் உயிர்த்தெழல்’. பதிவேட்டில் எண் 1, ஆங்கர்ஸ்டைன் வீட்டிலிருந்தே வந்தது. பலகையில் தீட்டியது, 1771-ல் பிரான்சில் மரத்தைப் பின்னாலிருந்து செதுக்கி எடுத்துவிட்டு நிறப்படலத்தை மட்டும் கித்தானுக்கு மாற்றினார்கள். அந்த அறுவையின் தடம் மேற்பரப்பில் உண்டு. கிட்டே போய்ப் பாருங்கள், பிறகு ஓவியத்தின் முழு உயரமும் கண்ணுக்குள் வருமளவு பின்னால் வாருங்கள்.

ஆங்கில ஓவியர் டர்னர் உயிலில் கேட்டபடி அவருடைய இரண்டு ஓவியங்கள் கிளாட் லொரேனின் இரண்டு ஓவியங்களோடு தொங்கும் அறையையும் விட்டுவிடாதீர்கள். 1852-ல் சுத்தம் செய்து திட்டு வாங்கிய ‘ஷீபா ராணி’ அங்கேதான் இருக்கிறாள்.